முள்ளை மறைத்த மஞ்சள் டேப்

மார்ச் 4

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டு எழுதக் கை வரவில்லை. உங்கள் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் அழுவீர்கள், அண்ணன் நடுவில் புகுந்து "விடுங்கம்மா ரெண்டு பேரும்" என்பார், விஷயம் அப்படியே அமுங்கிப்போகும். இது அமுங்கக்கூடாது. அதனால்தான் கடிதம்.

நேற்றைய ஏர் ரைபிள் தேர்வுப் போட்டியில் நாற்பது குண்டு வரை நான்தான் முன்னால் இருந்தேன். நாற்பத்தொன்றாவது குண்டு நடுவில் விழாமல் கொஞ்சம் கீழே விழுந்தது. அடுத்தது இன்னும் கீழே. மூச்சைச் சரி பார்த்தேன், தோளைச் சரி பார்த்தேன், கால் வைத்த இடத்தை மாற்றினேன். அறுபது முடிவதற்குள் குண்டெல்லாம் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டது. முடித்ததும் ரைபிளின் காற்றுப் பாட்டிலில் அழுத்தம் காட்டும் கேஜ்மேல் இருந்த மஞ்சள் டேப்பை உரித்தேன். முள் ஐம்பதில் நின்றது.

அந்த டேப் யார் ஒட்டுவது அண்ணி? நீங்கள். போட்டி நாளில் முள்ளைப் பார்த்தால் என் மனசு இலக்கை விட்டுவிட்டுக் காற்றை எண்ண ஆரம்பித்துவிடும் என்று நீங்கள்தான் இந்த வழக்கத்தை ஏற்படுத்தினீர்கள். உங்கள் கிளப்பில் இருநூறு பார் அழுத்தத்துக்குக் காற்று ஏற்றி, கேஜை டேப்பால் மூடித் தருவீர்கள். நான் உரிக்காமல் சுடுவேன். இத்தனை போட்டியிலும் ஒரு தடவைகூடத் திருட்டுத்தனமாகத் தூக்கிப் பார்த்ததில்லை.

இப்போது ஒரு வருஷப் பயிற்சி கேம்ப்புக்கான இடம் யாருக்குக் கிடைத்தது? உங்கள் தங்கச்சிக்கு. அவள் பாட்டிலையும் அன்றைக்கு நீங்கள்தான் நிரப்பினீர்கள். அவளுடையது கடைசிக் குண்டு வரை கம்பீரமாக நின்றது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அது சரிதான் போல.

ரைபிள் சங்கத்துக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ததாக இருக்கக்கூடாது என்று இதையும் எழுதுகிறேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 9

ஊசிமிளகாய்க்கு,

நீ என்னதான் "நாத்தனார்" என்று விறைப்பாகக் கையெழுத்துப் போட்டாலும் எனக்கு நீ ஊசிமிளகாய்தான். உருவம் இத்தனூண்டு, காரம் ஊரைத் தூக்கும்.

உன் புகார் நல்லபடியாக வந்து சேர்ந்தது. சங்கச் செயலாளர் கிளப்புக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டே, "விசாரணை முடியற வரைக்கும் கம்ப்ரசர் ரூம் சாவி என்கிட்ட இருக்கட்டும்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று வாங்கிக்கொண்டு போனார். எல்லாரும் பார்க்கத்தான். இப்போது காற்று நிரப்ப வரும் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். உன் அண்ணன் வீட்டில் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ரொம்ப நன்றி.

என் தங்கச்சி ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அதை மறைத்து நல்லவள் வேஷம் போட மாட்டேன். ஆனால் உன் தோல்வியைப் பார்த்து அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அதையும் நம்பாதே, போ.

இப்போது காற்றுக்கு வருவோம். அவசரமாக ஏற்றினால் பாட்டில் சூடாகும், சூட்டில் முள் இருநூறு காட்டும், ஆறினதும் இறங்கிவிடும். அதனால் நான் மெதுவாக ஏற்றி, ஆறவைத்து, திரும்பவும் ஏற்றுவேன். தங்கச்சிக்கும் அப்படித்தான், உனக்கும் அப்படித்தான். உன் நீளப் பாட்டிலில் இரண்டு குண்டுக்கு ஒரு பார் செலவாகும், அது உனக்கே தெரியும். குறி பார்க்க இருபது, போட்டிக்கு அறுபது, மொத்தம் எண்பது குண்டு. நாற்பது பார்தான் இறங்க வேண்டும். கடைசியில் முள் ஐம்பதில் நின்றது என்றால் நீ தொடங்கும்போது இருந்தது தொண்ணூறு. ரெகுலேட்டர் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்றைப் பிரித்துக் கொடுக்கும்தான், ஆனால் பாட்டில் அறுபதுக்குக் கீழே போனால் அதுவும் கையை விரித்துவிடும். நீ நாற்பது குண்டு முடித்தபோது முள் அறுபதைத் தொட்டிருக்கும். நாற்பத்தொன்று கீழே விழுந்தது அதனால்தான். உன் மூச்சிலும் தோளிலும் குற்றமில்லை. முதலில் அதற்காகச் சந்தோஷப்படு.

ஒருவேளை மாற்றிக் குட்டைப் பாட்டிலை மாட்டினாயோ என்றும் யோசித்தேன். அதில் ஒரு குண்டுக்கு ஒரு பார் போகும். அப்படியென்றாலும் நூற்றிருபதில் நின்றிருக்கும். ஐம்பதுக்கு வராது.

அப்படியானால் மிச்சம் நூற்றுப்பத்து பார் எங்கே போயிற்று? அது இருநூற்றிருபது குண்டுக்கான காற்று. யாராவது விடிய விடியச் சுட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால், விமானத்தில் போகும் முன் காற்றை வெளியேற்ற உன் பெட்டியில் ஒரு திருகாணி வைத்திருப்பாயே, அதைப் போட்டுத் திறந்துவிட்டிருக்க வேண்டும். நான் உன் கையில் கொடுத்தது சாயங்காலம். பஸ் ஏறிப் போனாய். மறுநாள் காலையில் சுட்டாய். நடுவில் பெட்டி எங்கே இருந்தது?

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. தண்ணீர் குடித்துவிட்டு யோசி.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

பெட்டி எங்கே இருந்தது என்றா கேட்கிறீர்கள்? என் வீட்டில். என் கட்டிலுக்குப் பக்கத்தில். வீட்டில் இருந்தது நானும் என் வீட்டுக்காரரும். மூன்றாவதாக ஒரு பல்லி இருந்தது. அதை வேண்டுமானால் விசாரியுங்கள்.

மாட்டிக்கொண்டதும் கணக்குப் போட்டுக் குழப்புகிறீர்கள். உங்கள் கணக்கு சரியாக இருக்கலாம். தொண்ணூறில் தொடங்கியது என்றால் தொண்ணூறுதான் ஏற்றித் தந்தீர்கள் என்று அர்த்தம். இதற்கு இத்தனை பக்கம் தேவையில்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஜாடைமாடையாக ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம். லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து கிரீஸ் கையோடு வந்து, அதைக் கழுவிவிட்டு, போட்டிக்கு முந்தின நாள் எனக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்வது எது என்று பார்த்துச் சமைத்துத் தருகிற மனுஷர். காலையில் பெட்டியை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். நான் தோற்றபோது என்னைவிட அவர் கண்தான் சிவந்திருந்தது. உங்கள் கடிதத்தைக்கூட அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணி எழுதியிருக்காங்க. கோவத்த விட்டுட்டுப் படி. சொந்தம் அறுந்துடக் கூடாது" என்றார். உங்களுக்காகப் பேசுகிற ஆள் இந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

பாட்டில் கசிந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதனால் பாட்டிலை அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். செயலாளரே நிரப்பிப் பார்க்கட்டும். நீங்கள் தொட வேண்டாம்.

நாத்தனார்


மார்ச் 20

ஊசிமிளகாய்,

நான் தொடவில்லை, தாயே. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன், பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற மாதிரி.

செயலாளர் தன் கையாலேயே இருநூறு ஏற்றினார். வாளித் தண்ணீரில் முக்கினார். ஒரு குமிழிகூட வரவில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டி, மூன்று நாள் கழித்து உன் அண்ணன் முன்னால் எடுத்தார். முள் அசையவில்லை. "பாட்டில் கல்லு மாதிரி இருக்கும்மா" என்றார். அவர் எழுதிக் கொடுத்ததை உன் அண்ணன் கொண்டுவருவார். என் வார்த்தையை நம்ப வேண்டாம், அவர் வார்த்தையை நம்பு.

ஆக, கசிவு இல்லை. நான் குறைத்து ஏற்றினேனா, உன் வீட்டில் குறைந்ததா, இரண்டில் ஒன்றுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்ததில் கிடைத்தது.

நான் டேப்பைக் கத்தரிக்கோலால் வெட்ட மாட்டேன். பல்லால்தான் கடித்துக் கிழிப்பேன். உன் அண்ணன்கூடத் திட்டுவார், "எலி மாதிரி கடிக்காதே" என்று. கிழித்து ஒட்டும்போது ஒரு மூலையை மட்டும் உள்பக்கமாக மடித்துவிடுவேன். நீ நகத்தை ஒட்ட வெட்டுகிறவள், உரிக்கத் திணறுவாய், பிடிக்க ஒரு நுனி இருக்கட்டும் என்று. இதை உன்னிடம் சொன்னதே இல்லை. சொல்கிற அளவுக்குப் பெரிய விஷயமா அது?

போட்டி முடிந்ததும் உரித்த டேப்பை நீ பெட்டி மூடியின் உள்ளே ராசிக்கு ஒட்டிவைப்பாயே. அன்றைக்கும் ஒட்டினாயா? ஒட்டியிருந்தால் போய்ப் பார். கடைசி டேப்பும் மற்றதைப் போலவே இருந்தால், சங்கத்துக்கு நானே எழுதித் தருகிறேன், நான்தான் துரோகி என்று.

அண்ணி


மார்ச் 25

அண்ணி,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாளாகப் பெட்டியைத் திறக்கவில்லை. நேற்று அவர் வேலைக்குப் போனதும் திறந்தேன்.

தோற்ற கோபத்திலும் பழக்க தோஷத்தில் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். வரிசையாக மஞ்சள் துண்டுகள். எல்லாவற்றிலும் ஒரு மூலை மடிந்திருக்கிறது, ஓரம் பல் பல்லாக இருக்கிறது. இத்தனை நாளும் என் கண்ணில் படவே இல்லை. கடைசித் துண்டு மட்டும் நாலு பக்கமும் அளவெடுத்த மாதிரி நேராக இருக்கிறது. மடிப்பு இல்லை. அன்று அதை உரிக்க நான் கஷ்டப்பட்டதும், நகம் எட்டாமல் விரலால் தேய்த்துத் தேய்த்து எடுத்ததும் இப்போது ஞாபகம் வருகிறது. தோற்ற பதற்றத்தில்தான் என்று நினைத்தேன்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு துண்டு டேப்பை வைத்துக்கொண்டு என் வீட்டுக்குள் தீ வைக்கப் பார்க்கிறீர்களோ என்றும் தோன்றுகிறது. உங்கள் பழி தீர வேண்டுமே. ஒரு நாள் அவசரத்தில் நீங்களே கத்தரிக்கோலால் வெட்டியிருக்கலாம் அல்லவா? அன்றைக்கு மடிக்க மறந்திருக்கலாம் அல்லவா? அப்படித்தான் என்று எழுதுங்கள் அண்ணி. உங்களைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

முந்தாநாள் டிவி ரிமோட்டின் மூடி உடைந்துவிட்டது. அவர் வேலைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். மஞ்சள். எல்லார் வீட்டிலும் இருக்கிற மஞ்சள்தான். கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, நேராக வெட்டி, சுருக்கம் இல்லாமல் ஒட்டினார். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்னடி, புதுசா பாக்குற மாதிரி பாக்குறே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவரைக் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. நடுராத்திரியில் விழிப்பு வந்தால் அவர் தூங்குகிறாரா என்று பார்க்கிறேன். இப்படி ஒரு பொண்டாட்டியாக நான் மாறுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன்.

இரண்டாவது தேர்வு ஏப்ரல் பதினொன்று. மிச்சமிருப்பது ஒரே ஒரு இடம். இதிலும் போனால் எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது, வயது வரம்பு தாண்டிவிடும்.


மார்ச் 30

என் கண்ணே,

அவசரத்தில் வெட்டியிருப்பேன் என்று எழுதச் சொல்கிறாய். எழுதினால் உன் வீடு நிம்மதியாக இருக்கும், என் பெயர் நாறும். பெயர் நாறினாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் பதினோராம் தேதி காலையில் உன் பாட்டிலில் மறுபடியும் தொண்ணூறு இருந்தால்? அதனால் எழுத மாட்டேன். நான் வெட்டவில்லை, மறக்கவில்லை.

அதற்காக உன் வீட்டுக்காரர்தான் என்றும் சொல்ல மாட்டேன். கண்ணால் பார்க்காததை வாயால் சொல்லக்கூடாது. சோதித்துப் பார்த்துவிடலாம். செயலாளர் முன்னால் நான் இருநூறு ஏற்றி, மூலையை மடித்து டேப் ஒட்டி, உன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். பத்தாம் தேதி சாயங்காலம் தருவார். போன தடவை வைத்த இடத்திலேயே வை. எதையும் காட்டிக்கொள்ளாதே. காலையில் முதல் வேலையாக மடிப்பைப் பார். இந்த ஒரு தடவை உரித்து முள்ளையும் பார். குறைந்திருந்தால் கவலைப்படாதே. நிறைத்த குட்டைப் பாட்டில் ஒன்று உன் அண்ணனின் பையில் இருக்கும். அவர் லாட்ஜில் தங்கி, நேராகப் போட்டி நடக்கும் இடத்துக்கு வந்துவிடுவார். எண்பது குண்டுக்கு அது தாராளம்.

படித்ததும் கிழித்துப் போடு.

அண்ணி


ஏப்ரல் 12

அண்ணி,

நீங்கள் கிழிக்கச் சொன்னீர்கள். நான் கிழிக்கவில்லை. அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். என்றைக்கும் போல அந்தக் கவரையும் அவர்தான் கொண்டுவந்து தந்திருந்தார். ஒட்டினது ஒட்டினபடிதான் இருந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று விடிந்ததும் பெட்டியைத் திறந்தேன். மூலை மடிந்திருந்தது. ஓரத்தில் உங்கள் எலிப்பல். உரித்தேன். முள் இருநூறில் ஆடாமல் நின்றது. அண்ணி, எனக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தம் வெளியே போகக்கூடாது என்று குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். அடிப் பாவி, இந்த மனுஷரைப் போய்ச் சந்தேகப்பட்டாயே என்று என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. உங்கள்மேலும் பயங்கரக் கோபம் வந்தது.

வெளியே வந்தேன். டீ போட்டு வைத்திருந்தார். ரொட்டியை ஓரம் வெட்டி, எனக்குப் பிடித்த மாதிரி வாட்டியிருந்தார். தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்:

"மூலை மடிஞ்சபடியே இருந்துதா? இப்பவாவது உங்க அண்ணிக்கு நிம்மதியாச்சே."

எனக்கு உடனே உறைக்கவில்லை. ஒரு வாய் டீ குடித்த பிறகுதான் உறைத்தது. மூலையைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. போன தடவை ஒட்டினவருக்கு அந்த மடிப்பு தெரியாது, தெரிந்திருந்தால் மடித்திருப்பார். இப்போது எப்படித் தெரியும்? உங்கள் கடிதத்தில்தான் அது இருக்கிறது. வேறு எங்கேயும் இல்லை.

"எந்த மூலை?" என்று கேட்டேன்.

அவர் ரொட்டித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணியோட கடைசி லெட்டரப் பிரிச்சுப் படிச்சீங்களா?"

தலையாட்டினார்.

"அன்னிக்குக் காத்த விட்டதும் நீங்கதானா?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மெதுவாத்தான் விட்டேன். பாட்டில் மேல துண்டச் சுத்தி, சத்தமே வராம. நீ முழிச்சுக்கக் கூடாதுன்னு. போட்டிக்கு முன்னாடி தூக்கம் கெட்டா உனக்குத் தலை வலிக்குமே."

என் தூக்கம் கெடக்கூடாதாம் அண்ணி. அந்த மனுஷர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அந்த அக்கறையோடுதான் செய்திருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

ஏன் என்று கேட்டேன். "ஜெயிச்சா ஒரு வருஷம் கேம்ப். அப்பறம் வேற ஊரு, வேற நாடு. இந்த வீடு உனக்குப் புடிக்குமா? நான் புடிப்பேனா? தோத்தா ரெண்டு நாள் அழுவே. நல்லதா சமைச்சுப் போட்டுத் தேத்திடலாம்னு நெனச்சேன்" என்றார். "பழிய அண்ணி மேல போடுவேன்னு நெனைக்கலடி" என்றும் சொன்னார். ஆனால் போட்ட பிறகு, உங்கள் சாவியை வாங்கிய பிறகு, வாயைத் திறக்கவில்லையே. "சொந்தம் அறுந்துடக் கூடாது" என்று எனக்கு உபதேசம் செய்தாரே!

பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன். ஆட்டோவில் வரும்போதுகூட அதை மடியை விட்டு இறக்கவில்லை. அண்ணன் வாசலில் குட்டைப் பாட்டிலைப் பச்சைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார். தேவைப்படவில்லை. நீளப் பாட்டிலையே மாட்டினேன், டேப் இல்லாமல். முள் கண்ணெதிரே இருந்தது. ஒவ்வொரு பத்துக்கும் அதைப் பார்த்தேன். நீங்கள் பயந்தபடிதான் ஆயிற்று, மனசு காற்றை எண்ணியது, நடுவில் இரண்டு குண்டைக் கோட்டைவிட்டேன். ஆனாலும் இடம் கிடைத்துவிட்டது. முடிந்தபோது முள் நூற்றறுபதில் நின்றது. எண்பது குண்டுக்கு நாற்பது பார். உங்கள் கணக்கில் ஒரு முள்ளளவு தப்பில்லை.

சங்கத்து ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். "அப்ப காத்து எப்படிக் கொறஞ்சுதுன்னு எழுதணுமேம்மா, இல்லன்னா அவங்க மேல சந்தேகம் அப்படியே நிக்கும்" என்றார்கள். தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம். என் மானமும் அவர் மானமும் தப்பித்திருக்கும், உங்களுடையது பாதி தொங்கிக்கொண்டிருக்கும். "என் கணவர்" என்று எழுதினேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சாவி உங்கள் கைக்கு வந்துவிடும். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். தங்கச்சியிடமும் சொல்லுங்கள். அடுத்த வாரம் கேம்ப்பில் அவளைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

அவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி அண்ணன் தங்கிய லாட்ஜில் இன்னொரு அறை எடுத்துத் தங்கினேன். போனில் மெசேஜ் வந்தது, "சாப்பிட்டியா?" என்று. பார்த்துக்கொண்டே இருந்தேன். பதில் போடவில்லை.

உங்கள் ஊசிமிளகாய்


ஏப்ரல் 20

ஊசிமிளகாய்க்கு,

கேம்ப் விலாசத்துக்குப் போடுகிறேன். இனிமேல் அங்கேதான் போடுவேன்.

சாவி வந்துவிட்டது. செயலாளர் ஒரு டப்பா பிஸ்கட்டோடு வந்து கொடுத்தார். பிஸ்கட் நமுத்திருந்தது, நானும் கொஞ்சம் முறைத்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டேன். தங்கச்சி உன்மேல் ஒரு வாரம் கோபமாக இருப்பாளாம். ஏழு நாளை எண்ணிக்கொண்டிரு, எட்டாவது நாள் அவளே வந்து ஒட்டிக்கொள்வாள்.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. ஆனால் அந்தத் தாளில் நீ எழுதிய இரண்டு வார்த்தைக்கு எத்தனை தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்தால் வலி பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அவர் இங்கே வந்திருந்தார். வாசலிலேயே நின்றார். உன் அண்ணன் உள்ளே கூப்பிடவில்லை. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அவ எப்படி இருக்கா?" என்று கேட்டார். "அவகிட்டயே கேளுங்க. அவ சொன்னா தெரிஞ்சுக்குங்க, சொல்லலன்னா விட்டுடுங்க" என்றேன். போய்விட்டார். அவரை என்ன செய்வது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். அவசரமே இல்லை. சூட்டில் காட்டுகிற முள்ளை நம்பாதே, ஆறட்டும்.

கேம்ப்பில் உன் பாட்டிலை நீயே நிரப்பு. முள்ளைப் பார்த்தே சுடப் பழகிக்கொள். டேப் வேண்டாம்.

இந்தக் கவரின் வாயில் மட்டும் ஒட்டியிருக்கிறேன், மஞ்சள்தான். ஒரு மூலையை மடித்திருக்கிறேன், பல்லால் கடித்துத்தான் கிழித்தேன். இனி எந்தக் கவராவது அப்படி இல்லாமல் வந்தால், பிரிக்காமலே திருப்பி அனுப்பு.

அண்ணி